வெளிநாட்டுப் பார்சல் வாசலுக்கு வந்து சேரும்போது என்ன விலை ஆகும்?

தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாற்றைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுவதைப் பார்த்துப் பழகிய எல்லைப்புறத்து மக்களுக்கு, எந்தப் பொருளை எந்தப் பக்கம் வாங்கினால் நாலு காசு மிஞ்சும் என்ற கணக்கு யாரும் சொல்லித்தராமலே வரும். ஈபே, எட்ஸி போன்ற இணையச் சந்தைகளில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கும்போது அந்தக் கணக்கு உதவாது. சுங்க வரி மத்திய அரசினுடையது. கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் அது ஒன்றுதான். பெட்டியின் பருமன், அனுப்பும் வழி, சேர வேண்டிய இடத்தின் பின்கோடு, பணம் கட்டும் கார்டு ஆகியவற்றைப் பொறுத்தே செலவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது. இவற்றை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட முடியும். போடாமல் வாங்குவதால்தான் பலர் ‘பொருளைவிடக் கூலி அதிகமாகிவிட்டது’ என்று பிறகு நொந்துகொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பாலக்காட்டுச் சித்தூரில் பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்க்கும் ஒருவர், இங்கிலாந்திலுள்ள விற்பனையாளரிடம் நான்கு ஈஎல் 84 வால்வுகளை (ரேடியோவில் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்களை) வாங்க நினைக்கிறார். விலை 4,000 ரூபாய். நான்கும் சேர்ந்து கையில் பாரமே தெரியாத பொருள்தான். ஆனால் அவை கண்ணாடி. அடியிலுள்ள மெல்லிய கம்பி ஊசிகள் லேசாக இடித்தாலும் வளைந்துவிடும். ஆகவே அக்கறையுள்ள விற்பனையாளர் ஒவ்வொன்றையும் அதனதன் காகித உறையில் இட்டு, குமிழி உறையைச் சுற்றி, நாலா பக்கமும் நுரைத்துண்டு அடைத்து, 30 சென்டிமீட்டர் நீளமும் 20 அகலமும் 20 உயரமுமுள்ள அட்டைப்பெட்டியில் வைக்கிறார். கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. அவர்கள் மொழியில் இதற்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். நம் பெட்டிக்கு 12,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 2.4 கிலோ. கால் கிலோ சரக்குக்கு இரண்டரைக் கிலோவுக்கு நெருக்கமான கட்டணம் இப்படித்தான் வருகிறது.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பி, சிறிய பெட்டியில் இறுக்கமாகக் கட்ட முடியுமா என்று கேட்பது. 20, 15, 10 அளவில் பெட்டி அமைந்தால் அதே சூத்திரப்படி 0.6 கிலோதான் வரும். மற்றது, தபால். உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்கீழ் இரண்டு கிலோ வரையுள்ள பொருளைச் சிறு பொட்டலமாக அனுப்பலாம். அங்கே பொதுவாக உண்மையான எடையே கணக்கு, பெட்டியின் அளவுக்கு ஓர் உச்சவரம்பு மட்டும் உண்டு. லேசான, அவசரமில்லாத, ஆனால் இடம் அடைக்கும் பொருளுக்குத் தபாலே சிக்கனம் என்பது என் கருத்து. பதிவுத் தபாலாகவோ டிராக்கிங் வசதியுடனோ அனுப்பச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அப்படி அனுப்பினால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என 13 இடங்கள் கொண்ட எண் கிடைக்கும். பார்சல் இந்தியா வந்தபின் இந்திய அஞ்சல் துறையின் தளத்திலும் அதே எண்ணை இட்டுப் பார்க்கலாம்.

இனி வரி. வெளிநாட்டிலிருந்து தபாலிலோ கூரியரிலோ வரும் பொருள் பரிசு என்ற பெயரில் வரியில்லாமல் வந்த காலம் முடிந்துவிட்டது. 2019 டிசம்பர் அறிவிக்கையின்படி உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே அந்த வழி திறந்திருக்கிறது. ஆகவே ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்புங்கள்’ என்று விற்பனையாளரிடம் கேட்பதில் பயனில்லை. வரி போடுவது பொருளின் விலைக்கு மட்டுமல்ல. விலையோடு போக்குவரத்துக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்கு. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, விமானத்தில் வரும் பொருளுக்கு எவ்வளவு போக்குவரத்துக் கட்டணம் கட்டியிருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம் சேர்ப்பார்கள்.

வால்வுக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கூரியர் கட்டணம் 2,500 ரூபாய் என்றாலும் மதிப்பில் சேர்வது 800 ரூபாய்தான். காப்பீடு 45 ரூபாய். ஆக, வரிக்குரிய மதிப்பு 4,845 ரூபாய். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை. வாங்கும் நாளில் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கின் போக்கு புரிவதற்காக அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், அந்த வரியின்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், இறக்குமதிக்கான சரக்கு-சேவை வரியாகிய ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். அடிப்படை வரி 969, கூடுதல் வரி 97. இவ்விரண்டையும் மதிப்போடு கூட்டினால் 5,911. அதன்மேல் ஐஜிஎஸ்டி 1,064. வரிக்கும் வரி போடுவதால் மொத்தம் 2,130 ரூபாய் ஆகிறது, அதாவது மதிப்பில் ஏறக்குறைய 44 சதவீதம். மொத்த வரி 100 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வசூலிப்பதில்லை என்று சுங்கச் சட்டத்தில் இருக்கிறது. இந்த விகிதத்தில் பார்த்தால் சுமார் 227 ரூபாய் மதிப்புவரைதான் அது உதவும். அந்த விலைக்குக் கடல் கடந்து வருகிற பொருள் எது?

கார்டையும் மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை நாணய மாற்றுக்கான மார்க்கப் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. 6,500 ரூபாய்க்கு அது சுமார் 268 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் ‘ரூபாயிலேயே கட்டலாம்’ என்று காட்டினால் அந்த மாற்று விகிதத்தைச் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்; வசதி என்று தோன்றினாலும் பல நேரம் அதுவே விலை கூடிய வழி. ஆக, 4,000 ரூபாய் வால்வுகள் 8,900 ரூபாயைத் தொட்டுவிட்டன. கூரியர் நிறுவனம் நமக்காகச் சுங்கத்தில் முன்பணம் கட்டியதற்கென்று வாங்கும் சேவைக் கட்டணம் இதற்குமேல். அதே பொருள் தபாலில் வந்தால் அந்தச் சேவைக் கட்டணத்துக்குப் பதிலாகச் சிறு தொகையே சேரும். வரியைத் தபால்காரரிடமோ உள்ளூர் அஞ்சலகத்திலோ கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். வரியை முன்கூட்டியே பொருள் வாங்கும் தளத்திலேயே கட்டிவிட்டால், அதைக் காட்டும் ரசீதைக் கையில் வைத்திருங்கள். வாசலில் மறுபடி கேட்டால் அதுவே சான்று.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். சுங்க அதிகாரி அதே பொருளின் விலையை இணையத்தில் பார்த்து மதிப்பை உயர்த்தவும், பொருளைப் பறிமுதல் செய்யவும், அபராதம் விதிக்கவும் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இடமளிக்கிறது. வழியில் வால்வு உடைந்தாலும் எழுதிய குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு.

செலவை உண்மையாகவே குறைப்பது சேர்த்து வாங்குவதுதான். ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்று பொருள் எடுத்தால், தனித்தனியாகப் பணம் கட்டாமல், மொத்தக் கட்டணத்தைக் கணக்கிட்டு அனுப்பும்படி முதலில் கேட்க வேண்டும். ஈபேயில் அதற்கென்றே பொத்தான் உண்டு. அமெரிக்காவில் பல கடைகளில் வாங்குவோர், பார்சல்களை ஓரிடத்தில் சேர்த்து மறுபடி கட்டி அனுப்பும் நிறுவனங்களை நாடலாம். டெலவேர், ஓரிகன் மாநிலங்களில் விற்பனை வரி இல்லாததால் அத்தகைய முகவரிகள் பல அங்கேயே இருக்கின்றன. ஒரே ஒரு சிறு பொருளுக்கு அந்த வழி வீண் செலவு.

எல்லைப்புறத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. சர்வதேசக் கூரியர்கள் சில பின்கோடுகளைத் தொலைதூரப் பகுதி என்று வகைப்படுத்திக் கூடுதல் கட்டணம் போடுகின்றன. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அவர்களது தளத்தில் பின்கோடை இட்டுப் பார்க்கலாம். வேலந்தாவளத்துக்காரருக்குக் கோயம்புத்தூரில் மாமா வீடு இருந்தால் அந்த முகவரிக்கு வரவழைப்பது மலிவாக இருக்கக்கூடும். ஆனால் சுங்கத்துக்காகக் கேட்கும் ஆதார் போன்ற ஆவணத்திலுள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முகவரி வேறாக இருந்தால் ஏற்பார்களா என்பதை ஆர்டர் போடும் முன்பே கூரியர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

விவசாயம் நடக்கிற ஊர்களாகையால் விதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை 2003-இன்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் வெளிநாட்டு விதையும் கிழங்கும் உள்ளே வர முடியாது. சிறு உறையில் போட்டு அனுப்புகிறேன் என்று விற்பனையாளர் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

முகவரியில் வீட்டுப் பெயரை முதல் வரியிலும், அஞ்சலகத்தையும் மாவட்டத்தையும் அடுத்த வரியிலும் எழுதி, மாநிலத்தைப் பட்டியலிலிருந்து சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சித்தூர் என்று மட்டும் எழுதினால் அது பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரச் சித்தூரா என்பது வெளிநாட்டில் ஒட்டுச்சீட்டு அச்சடிப்பவருக்குத் தெரியாது. முன்னதன் பின்கோடு 678 என்றும் பின்னதன் பின்கோடு 517 என்றும் தொடங்கும். கைப்பேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு தர வேண்டும். அந்த எண்ணுக்குச் சுங்கக் கட்டணம் கட்டச் சொல்லி இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால், அதைத் தொடாமல், டிராக்கிங் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக இட்டுப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.