ஒரே ஒரு கன்ட்ரி பாட்டு: அடுத்த தலைமுறைக்கு எதை எடுத்து வைப்பது, எப்படி?

கன்ட்ரி மியூசிக்கில் ஒரே ஒரு பாட்டைத்தான் பத்திரப்படுத்தலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? பழைய பாட்டு கேட்கிறவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், சாப்பாடு ஆறிப்போகும். ஒருவர் ஜானி கேஷ் என்பார், இன்னொருவர் பாட்சி க்ளைன் என்பார், மூன்றாமவர் ஹாங்க் வில்லியம்ஸை விட்டுத்தர மாட்டார். அந்தச் சண்டையை என்னால் தீர்த்து வைக்க முடியாது. தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி என்றதும் ‘நாட்டுப்புறப் பாட்டு’ என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைக்கிராமப் பாட்டு, தேவாலயப் பாட்டு, கறுப்பின மக்களின் ப்ளூஸ், வீட்டுக் கூடங்களில் பியானோவோடு பாடிய மெட்டு எல்லாம் 1920களில் ரெக்கார்டு கம்பெனிகளின் வாசல் வழியே வந்து கலந்து விற்பனைச் சரக்கானதுதான் கன்ட்ரி. அன்றைக்கு அதை ‘ஹில்பில்லி’ என்று சொல்லி விற்றார்கள்.

படி 1: பாட்டா, பதிவா?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புவார்கள். பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு. ஒரே பாட்டை ஐம்பது பேர் பாடியிருக்கலாம். நீங்கள் காப்பாற்றப்போவது எந்த ஒன்றை?

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கத் தகுந்தவை என்று ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறது. 2000இல் வந்த சட்டத்தின்படி தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 25 பதிவுகளைச் சேர்க்கிறார்கள். பதிவுக்குக் குறைந்தது பத்து வயதாகியிருக்க வேண்டும். பொதுமக்களும் பரிந்துரைக்கலாம். அந்தப் பட்டியலில் ஏறுவது ஒலிப்பதிவுதான். ஆகவே உங்கள் நோட்டில் பாட்டின் பெயரோடு யார் பாடியது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள்.

படி 2: ஐந்து எழுதி நாலை அடியுங்கள்

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி: ‘இது தொலைந்தால் கூடவே எது தொலையும்?’ ‘நல்ல பாட்டு தொலையும்’ என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லையென்றால் அடித்துவிடுங்கள்.

என் ஐந்து இவை. பாட்சி க்ளைன் 1961இல் பாடிய ‘கிரேசி’, டென்னசி எர்னி ஃபோர்டின் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’, டாலி பார்ட்டனின் ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’, ஜிம்மி ராட்ஜர்ஸின் முதல் ‘ப்ளூ யோடல்’, கார்ட்டர் ஃபேமிலி 1928இல் பதிந்த ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’.

‘கிரேசி’யை முதலில் அடித்தேன். அழகான பாட்டுதான், ஆனால் அது அந்த ஒரு குரலோடு ஒட்டிக்கொண்டது, இன்னொருவர் கைக்குப் போகாது. சுரங்கத் தொழிலாளி கம்பெனிக் கடையிலேயே கடன்பட்டு மூழ்குவதைச் சொல்லும் ‘சிக்ஸ்டீன் டன்ஸை’ அடிக்கக் கை வரவில்லை, ஆனாலும் அடித்தேன். கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டு அம்மா தைத்துத் தந்த கோட்டைப் பற்றிய டாலி பார்ட்டன் பாட்டை அடிக்கும்போது இன்னும் சிரமம். ‘ப்ளூ யோடலும்’ போக, கடைசியில் நின்றது ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’. இனி அதை வைத்தே சொல்கிறேன், நீங்கள் உங்கள் பாட்டுக்கு இதே வழியில் போகலாம்.

படி 3: எத்தனை கை மாறி வந்தது என்று பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ மலையில் பிறந்த பாட்டு இல்லை. 1860இல் ஜோசப் ஃபில்பிரிக் வெப்ஸ்டர் என்பவர் இசையமைத்து அச்சில் வந்த கூடத்துப் பாட்டு. காதலித்தவன் கைவிட்டுப் போய்விடுகிறான். அவள் கூந்தலில் பூக்களைச் சூடிக்கொண்டு, ஆடிப் பாடி வாழ்ந்து காட்டுவேன் என்கிறாள். அச்சிட்ட தாள் எங்கெங்கோ போனது. பாட்டு தாளை விட்டு இறங்கி, அறுபது எழுபது வருஷம் அடுப்படியிலும் திண்ணையிலும் வாய்வழியாக நடந்தது.

அப்புறம் அது வந்து சேர்ந்த இடம் வர்ஜீனியாவின் மேசஸ் ஸ்பிரிங். கார்ட்டர் ஃபேமிலி என்பது மூன்று பேர்: ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கையும் ஏ. பி.யின் தம்பி மனைவியுமான மேபெல். 1927 ஆகஸ்ட் தொடக்கத்தில் மூவரும் பிரிஸ்டல் ஊருக்குப் போனார்கள். அந்த ஊரின் கடைத்தெருவில் ஒரு பக்கம் வர்ஜீனியா, எதிர்ப்பக்கம் டென்னசி. விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பீர் அங்கே கருவிகளை இறக்கிவைத்துப் பாடகர்களைத் தேடிக்கொண்டிருந்தார். மேபெல் அப்போது பதினெட்டு வயதுக் கர்ப்பிணி. மறு ஆண்டு மே மாதம், நியூ ஜெர்சியின் கேம்டனில் ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ பதிவானது.

கேளுங்கள், குரலை விட்டுவிட்டு கிடாரை மட்டும் கேளுங்கள். மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசிக்கிறார், அதே சமயம் விரலால் மெல்லிய தந்திகளை உரசித் தாளம் கொடுக்கிறார். ஒரே கிடார், இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். அதுவரை பின்னணியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கிடார் முன்னால் வந்து நின்று மெட்டைச் சொல்லியது. இன்றைக்கும் அந்தப் பாணி கிடார் பழகுகிறவர்கள் முதலில் தொடும் பாட்டுகளில் இது ஒன்று. இந்தப் பாட்டு தொலைந்தால் ஒரு விரல்வித்தையின் ஆரம்பப் பாடமும் தொலையும். என் நோட்டில் எழுதிய வரி இதுதான்.

கை மாறி வந்ததைத் தேடும்போது லேபிளில் இல்லாத பெயர்களையும் தேடுங்கள். ஏ. பி. கார்ட்டர் பின்னாளில் மலையூர்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் வாங்கிக்கொள்வார். மேபெலும் அவரிடம் கற்றிருக்கிறார். இசைத்தட்டுகளில் அவர் பெயர் வராது. உங்கள் குறிப்பிலாவது வரட்டும்.

படி 4: தப்பைத் திருத்தாதீர்கள்

1860 பாட்டில் ‘அரோனேட்டஸ்’ என்று ஒரு பூ வரும். எந்தத் தாவரம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. புரியாத சொல்லை வாய் என்ன செய்யும்? தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும். சாரா பாடும்போது அந்த இடம் ‘பேல் அண்ட் த லீடர்’ என்று காதில் விழுகிறது. ‘வெளிறியதும் தலைவரும்’. அர்த்தமே இல்லை.

எனக்கு இந்தப் பதிவில் மிகப் பிடித்த இடமே அதுதான். நம் பாட்டிமார் தாலாட்டில் அர்த்தம் தெரியாத ஒரு சொல் வருமே, கேட்டால் ‘எங்கம்மா அப்படித்தான் பாடுவா’ என்பார்களே, அதே கதை. அந்தத் தப்பான வரிதான் இது தாளைப் பார்த்துப் படித்த பாட்டு இல்லை, காதால் வாங்கி வாயால் கொடுத்த பாட்டு என்பதற்குச் சாட்சி. வரிகளை எழுதிவைக்கும்போது காதில் விழுந்தபடியே எழுதுங்கள். 1860 வரியைக் கீழே தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலந்து சரியான பாடம் என்று ஒன்றைத் தயாரித்தீர்களோ, எல்லாம் போச்சு.

படி 5: தட்டைத் தொடும் முன்

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் அமெரிக்கப் பழம்பதிவுகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாடியவர் பெயரைத் தட்டினால் தேதி, ஊர், தட்டு எண் எல்லாம் வரும். நம்முடையது விக்டர் வி-40000, பின்பக்கம் ‘ஃபர்சேக்கன் லவ்’.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. ஆமாம், நம் அரக்குதான். உலகத்துக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. 1942இல் போரால் வரத்துக் குறைந்ததும் அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதுத்தட்டு செய்தார்கள். அப்படி அரைபட்டவற்றில் என்னென்ன போனதோ.

அரக்கு என்பதால் ஸ்பிரிட் கூடவே கூடாது. நான் பட்டிருக்கிறேன். பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு 78 தட்டை, பளிச்சென்று ஆகட்டும் என்று ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு பழுப்பாகிவிட்டது. துடைத்த இடம் மங்கி, அதில் முள் ஓடினால் மழை பெய்கிற சத்தம். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் சில சொட்டு போதும். லேபிளில் ஈரம் படக்கூடாது. வைக்கும்போது நிமிர்த்தி வையுங்கள், அடுக்காதீர்கள், கொஞ்சம் தட்டினாலே உடையும்.

முள்ளும் வேறு. பிற்காலத்து எல்பி தட்டின் முள் 78இன் அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து அலையும். முனை சுமார் 0.075 மில்லிமீட்டர் உள்ள 78 முள் வாங்குங்கள். ஒரே தடத்தில் ஒலிக்கும் மோனோ தட்டுதான் என்றாலும், இரண்டு தட ஸ்டீரியோவாகவே கணினியில் பதியுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவர்களில் எது குறைவாகத் தேய்ந்ததோ அதைப் பிற்பாடு தேர்ந்துகொள்ளலாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். மூன்று நிமிடப் பாட்டுக்குச் சுமார் 100 எம்பி வரும். எம்பி3 கேட்பதற்கு மட்டும். கரகரப்பை நீக்கும் மென்பொருளை முதல் பிரதி மேல் ஓட்டாதீர்கள், அது இரைச்சலோடு மேபெலின் விரல் உரசலையும் துடைத்துவிடும். ஆசை விடவில்லையென்றால் நகலில் செய்து பாருங்கள்.

தட்டே கிடைக்கவில்லையா? பரவாயில்லை. மறுவெளியீட்டுச் சிடி ஒன்றும் நாலாம் படி வரைக்கான குறிப்புகளும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 6: பிரதிகள், உரிமை

மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். 2008இல் ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் கிடங்கு எரிந்தபோது மூல நாடாக்கள் அழிந்தன. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நடப்பது அதுதான்.

இணையத்தில் ஏற்றும் முன் ஒரு நிமிடம். அமெரிக்கச் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு நூறு ஆண்டு பதிப்புரிமை உண்டு. 1928இல் வெளியான பதிவென்றால் 2029 ஜனவரி 1 அன்றுதான் பொதுச்சொத்தாகும். நம் தட்டின் லேபிளில் பதிவான தேதி இருக்காது, எனவே வெளியான ஆண்டை உறுதிசெய்துகொண்டு கணக்குப் போடுங்கள். அதுவரை உங்கள் ஃபைல் அலமாரியில் இருக்கட்டும். 1860 மெட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதை இன்றைக்கு இரவே கிடாரில் பழக ஆரம்பிக்கலாம். கட்டைவிரலைத் தடித்த தந்தியில் வையுங்கள், முதல் இரண்டு வாரம் வலிக்கும்.