படத்தில் இல்லாததை எழுதுங்கள்: குறிப்பேடு வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

குடியரசு தினம் சனி ஞாயிறை ஒட்டி வந்துவிட்டால் போதும், தில்லியில் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் நம் தமிழர்களில் பலர் ராஜஸ்தான் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். ஊர் திரும்பியதும் படங்களை அச்சிட்டு ஒட்டி, கீழே குறிப்பும் எழுதி வைக்கிற நல்ல வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தக் குறிப்பேடுகளைப் புரட்டினால் ஒரே குறைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மான் நிற்கும் படத்துக்குக் கீழே, ‘புல்வெளியில் ஒரு மான் நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். அதுதான் படத்திலேயே தெரிகிறதே!

எழுத வேண்டியது கேமராவுக்குள் வராத சங்கதிகள். மணி என்ன, மான் தனியாக நின்றதா கூட்டத்தோடு நின்றதா, சற்று முன் எதைக் கண்டு ஓடியது, ஜீப் ஓட்டியவர் என்ன சொன்னார்? இவை இல்லாத படம் இரண்டு வருடத்தில் வெறும் மான் படம் ஆகிவிடும்.

அடுத்த தவறு, விலங்கின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிவது. சூரூ மாவட்டத்தில் இருக்கும் தால் சாப்பர் சரணாலயம் சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே இரண்டு வகை நரிகளைப் பார்க்கலாம். வால் நுனி வெள்ளையாக இருந்தால் பாலை நரி, கறுப்பாக இருந்தால் இந்திய நரி. முகம் அழகாக இருக்கிறதென்று வாலை வெட்டிவிட்டால் எந்த நரி என்று பிறகு சொல்வது கடினம். ஒட்டுவதற்கு வெட்டிய படம் இருக்கட்டும், முழுப் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். வால் நுனி என்ன நிறம் என்று அங்கேயே ஒரு வரி கிறுக்கிவைத்தால் இன்னும் நல்லது.

வெளிமானில் நடக்கும் குழப்பம் வேறு வகை. ஆண் வளர வளரக் கறுத்துப்போகும், முறுக்கிய கொம்பு நீளும். பெண்ணும் குட்டியும் வெளிர்பழுப்பு. பெண்ணுக்குப் பொதுவாகக் கொம்பு கிடையாது. ஆனால் குறிப்பேட்டில் கறுப்பாக இருந்ததை வெளிமான் என்றும், பக்கத்தில் பழுப்பாக நின்றதைச் சிங்காரா என்னும் வேறு மான் இனம் என்றும் எழுதிவிடுகிறார்கள். சிங்காராவில் பெண்ணுக்கும் சிறிய கொம்பு உண்டு. கிண்டியிலும் கோடியக்கரையிலும் வெளிமான் இருக்கும்போது, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதில் தடுமாறுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

விலங்குக்குப் பின்னால் நிற்கும் மரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ‘முள்மரம்’ என்று முடித்துவிடுகிறார்கள். ராஜஸ்தானில் கேஜ்ரி என்று சொல்வது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. 1730இல் ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களைக் காக்க பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்ததாக வரலாறு. தில்லியின் காட்டு மேடான ரிட்ஜ் முழுக்கப் பரவிக்கிடக்கும் விலாயதி கீக்கரோ நம்மூர்ச் சீமைக்கருவேலம். ஒன்று மண்ணின் மரம், மற்றொன்று வெளியிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்தால் அந்தப் பக்கத்தால் என்ன பயன்?

மனிதர்களை விட்டுவிடுவதும் இதே குணம்தான். ராஜஸ்தானின் கீச்சனில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கும் டெமாய்செல் கொக்குகளைப் படமெடுத்து ‘இயற்கையின் அதிசயம்’ என்று எழுதுகிறார்கள். 2025இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஊரில், மக்கள் தலைமுறையாகத் தானியம் தூவி அந்தப் பறவைகளைப் பேணிவருகிறார்கள். அந்தத் தானியத்தைக் குறிப்பிடாவிட்டால் கதையில் பாதி போய்விடும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். யமுனைப் படித்துறையில் குளிர்காலக் கடற்காகங்கள் படகைச் சுற்றிப் பறப்பது, படகில் இருப்பவர்கள் சேவ் வீசுவதால். அதையும் எழுதுங்கள்.

உள்ளூர்ப் பொழுதுபோக்குகளைப் பதிவு செய்யும்போது தவறு இன்னும் பெரிதாகிறது. பழைய தில்லி மொட்டைமாடியில் புறாக் கூட்டம் சுழன்று பறக்கும் படம் யாரிடமும் இருக்கும். ஆட்டம் எங்கே இருக்கிறதென்றால், தன் கூட்டத்தைப் பறக்கவிட்டு அடுத்த மாடிக்காரரின் புறாவை மயக்கித் தன் மாடியில் இறக்குவதில். அதைக் கற்றுத்தரும் உஸ்தாத்தும் கற்றுக்கொள்ளும் பையன்களும் இல்லாமல் அந்தப் படத்துக்கு உயிரில்லை. அனுமதி கேட்டு மாடியேறி, தேநீர் குடித்து, கேட்டு எழுதுங்கள். ஆகஸ்ட் 15 பட்டமும் அப்படித்தான். எந்த மாஞ்சா என்று எழுதாத குறிப்பு அரைகுறை. செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்தது. செங்கோட்டைக்கு எதிரே சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனைக்கு நூலில் இறக்கை அறுந்த புறாக்கள் இன்றும் வருகின்றன.

தேதி விஷயம் சிறியது, ஆனால் தொல்லை அதிகம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரில் இருப்பது பெரும்பாலும் அது அனுப்பப்பட்ட அல்லது வந்துசேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. அசல் படத்தைப் பார்த்தே தேதி எழுதுங்கள். தேதி ஏன் முக்கியம் என்பதற்கு சாண்டா ஒன்று போதும். தாவரம் தின்னும் இந்த முள்வால் பல்லி குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்கும். ஜனவரியில் போய்விட்டு ‘சாண்டா இல்லை’ என்று தேதியில்லாமல் எழுதினால், படிப்பவர் அந்த இனமே அங்கிருந்து அழிந்துவிட்டதென்று நினைப்பார்.

படத்தில் இல்லாததை எழுதச் சொன்னேன். படத்தில் நமக்குத் தெரியாமல் இருப்பதை அழிக்கவும் வேண்டும். இருப்பிடப் பதிவு இயங்கும் கைபேசி, எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் படத்தோடு சேர்த்து வைத்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். சாண்டா எண்ணெய்க்காக வேட்டையாடப்படும் உயிர். கானமயில் தரையில் ஒற்றை முட்டையிடும் பறவை, மிச்சமிருப்பவை மிகச் சில. ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயில் மயிலின் இடத்தை ஊருக்கே சொல்லலாம். வளையையும் கூட்டையும் காட்டும் படமென்றால் இருப்பிடத்தை நீக்கிவிட்டு, குறிப்பேட்டில் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.