பச்சையாகத் தெரிந்தால் காடு நலமா?

கனடா, சைபீரியா போன்ற உலகின் வடபகுதிகளில் உள்ள ஊசியிலைக் காடுகளைச் செயற்கைக்கோள் படத்தில் ஆராயப் புகுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பச்சை நிறத்தில்தான். படத்தில் பசுமை எவ்வளவு என்று காட்டும் எண்ணான என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு ஏறினால் காடு தேறுகிறது, இறங்கினால் வாடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு செய்ததைப் பாருங்கள். கோடையில் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போகிறது. கூடவே ஒரு பூஞ்சையையும் கொண்டுபோகிறது. மரத்துக்குள் நீரோட்டம் அடைபடுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் பட்டையில் சின்னத் துளைகள், அவற்றின் வாயில் கசிந்து கெட்டிப்பட்ட பிசின், அடியில் மரத்தூள். மரத்தின் கதை அதோடு முடிந்தது. ஊசிகளோ அடுத்த ஆண்டு வசந்தம் வரை பச்சையாகவே நிற்கும். அப்புறம் சிவக்கும், பிறகு உதிர்ந்து மரம் சாம்பல் நிறமாகும். படத்தில் சிவப்பு நன்றாகத் தெரிகிற நேரத்தில் வண்டு பெரும்பாலும் பக்கத்து மரங்களுக்குப் பறந்து போயிருக்கும். ஆகவே சிவந்த இடத்தை மட்டும் குறித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதைச் சுற்றியுள்ள பச்சை மரங்களின் பட்டையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

வசந்தத்தில் குறியீடு சட்டென ஏறினால் துளிர்விட்டதாக எண்ண வேண்டாம். பல நேரம் பனி உருகியிருக்கும், அவ்வளவுதான். சைபீரியாவின் லார்ச் இன்னொரு பொறி. அதுவும் ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி மொட்டையாகிவிடும். அக்டோபர் கடைசியில் எடுத்த படத்தைப் பார்த்துச் செத்த காடு என்று எழுதிவிடக் கூடாது. தீப்பட்ட காட்டில் நேர்மாறு: சில ஆண்டுகளில் பச்சை திரும்பிவிடும், ஆனால் வந்திருப்பது புதரும், பிர்ச், ஆஸ்பென் போன்ற அகன்ற இலை மரங்களுமாக இருக்கலாம். எரிந்துபோன ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் அந்த வேகத்தில் திரும்ப வளராது.

சரி, நிறமே வேண்டாம், மர உயரத்தை அளந்துவிடலாம் என்று சிலர், விண்வெளியிலிருந்து லேசர் பாய்ச்சி உயரத்தை அளக்கும் கெடி என்ற கருவியின் தரவை எடுக்கிறார்கள். அந்தக் கருவி இருப்பது சர்வதேச விண்வெளி நிலையத்தில். அதன் பாதை வடக்கே ஏறக்குறைய 51.6 பாகையோடு திரும்பிவிடும். இந்தக் காடுகளில் பெரும்பகுதி அதற்கு மேலேதான். அங்கே 2018-இல் ஏவிய ஐஸ்சாட்-2 என்ற லேசர் செயற்கைக்கோளின் தரவைப் பாருங்கள்; அது துருவத்துக்கு அருகே வரை போகும்.

பரப்பைக் கணக்கிடும்போது வருகிற பிழை சோம்பலால் வருவது. இணைய வரைபடங்களின் மெர்க்கேட்டர் அமைப்பு துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும்; அதில் அப்படியே பிக்சல்களை எண்ணினால், 60 பாகை அட்சத்தில் 1 ஹெக்டேர் காடு 4 ஹெக்டேராக ஊதிவிடும். பரப்பளவை மாற்றாமல் காட்டும் சமப்பரப்பு வரைபட அமைப்புக்கு மாற்றிய பிறகே எண்ணுங்கள்.