பைத்தானை உள்ளேயே வச்சு தர்ற சாஃப்ட்வேர்: நாம பண்ற தப்பும் அவங்க பண்ற தப்பும்

பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல பைத்தான் வச்சு ஆட்-ஆன் எழுத ஆரம்பிக்கிறவங்க முதல்ல மாட்டுற இடம் இது. கமாண்ட் பிராம்ப்ட்ல பிப் (பைத்தான் லைப்ரரிகளை இறக்கித் தர்ற டூல்) வச்சு பாண்டாஸ்ங்கிற லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணுவாங்க, நல்லபடியா முடிஞ்சதுன்னு வரும், பிளெண்டர் உள்ள போய் இம்போர்ட் அடிச்சா அப்படி ஒரு மாட்யூலே இல்லைன்னு எரர் வரும். உடனே பைத்தானை தூக்கிட்டு திரும்ப போடறது, அப்பவும் வரலன்னா விண்டோஸையே ஃபார்மேட் பண்றது (நானும் பண்ணிருக்கேன், சிரிக்காதீங்க). விஷயம் என்னன்னா பிளெண்டர் அதோட ஃபோல்டருக்குள்ளயே தனியா ஒரு பைத்தான் வச்சிருக்கு, நீங்க போட்ட பைத்தானை அது திரும்பிக்கூட பார்க்காது. அதோட கன்சோல்ல சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்னு கேட்டா எங்க இருக்குன்னு அதுவே சொல்லிடும், அந்த பைத்தானை வச்சுதான் பிப் ஓட்டணும்.

எதுக்கு இந்த இடம் அடைக்கிற வேலைன்னு கேக்கலாம். பிளெண்டர் 2.93-ல பைத்தான் 3.9, 3.1-ல 3.10, 4.1-ல 3.11. 3.10-க்கு கம்பைல் பண்ண மாட்யூல் பொதுவா 3.11-ல ஏறாது. யூசர் மெஷின்ல எது இருக்கோ அதை நம்பினா சப்போர்ட் பண்ணியே செத்துடுவோம். சிஸ்டத்தை நம்பினவங்க கதையும் தெரியும்ல, 2022-ல மேக்ஓஎஸ் 12.3 அப்டேட் வந்தப்ப ஆப்பிள் பைத்தான் 2.7-ஐ எடுத்துட்டாங்க, அதை நம்பி இருந்த ஸ்கிரிப்டெல்லாம் அன்னைக்கே படுத்துடுச்சு. அதனால டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்னா உள்ளேயே வச்சு தர்றதுதான் சரின்னு நான் சொல்லுவேன்.

ஆனா வச்சு தர்றவங்க பண்ற பெரிய தப்பு, அதை பாத்-ல (கமாண்ட் அடிச்சா புரோகிராமை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கிற லிஸ்ட்) கொண்டுபோய் சொருகுறது. எங்க ஆபீஸ்ல ஒரு மெஷினோட வந்த சாஃப்ட்வேர் அதோட பழைய 2.7-ஐ பாத்-ல முதல் ஆளா நிறுத்திட்டுப் போயிடுச்சு, அடுத்த நாள் ஸ்கிரிப்டெல்லாம் சின்டாக்ஸ் எரர், கண்டுபிடிக்க அரை நாள் ஆச்சு. இன்னொன்னு, உள்ள வச்சா அப்டேட்டும் உங்க தலைல. 2014-ல ஓபன்எஸ்எஸ்எல்-ல (நெட் தொடர்பை என்க்ரிப்ட் பண்ற லைப்ரரி) ஹார்ட்பிளீட்ங்கிற ஓட்டை வந்தப்ப சிஸ்டத்தோட காப்பியை பேட்ச் பண்ணா போதும்னு நினைச்சா, சாஃப்ட்வேருக்குள்ள இருந்த காப்பி அப்படியே ஓட்டையோட கிடக்கும்.

லினக்ஸ்ல கதையே தலைகீழ். டெபியன்ங்கிற லினக்ஸ் வகையோட ஆளுங்க பிளெண்டரை பேக்கேஜ் பண்றப்ப உள்ள இருக்கிற பைத்தானை கழட்டிட்டு சிஸ்டம் பைத்தானோட கோத்துடுவாங்க. அங்க போய் பிப் ஓட்டினா டெபியன் 12-லேர்ந்து அந்த பைத்தானை பிப் இல்ல, சிஸ்டமே மேனேஜ் பண்ணுதுன்னு எரர் தரும், அதையும் மீறணும்னா குடுக்க வேண்டிய ஆப்ஷன் பேரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. பேரைப் படிச்சிட்டும் அடிக்கிறாங்க.