பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சலா? லீவ் கணக்கை நீங்களும் வைத்திருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வீடு சளியும் காய்ச்சலும்தான். வீசிங் உள்ள பிள்ளை என்றால் லீவு கூடிக்கொண்டே போகும். வருகை குறைகிறது என்று பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே முந்திப் போய் வகுப்பு டீச்சரிடம் பேசிவிடுங்கள்.

போனில் சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு தடவையும் தேதி, காரணம் எழுதி லீவ் லெட்டர் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ, ஊர் ஆரம்ப சுகாதார நிலையமோ, எங்கே காட்டினாலும் ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம். மருந்து வாங்கியதும் அங்கேயே கசக்கி எறிந்துவிடுகிறோம், அதுதான் பின்னால் கஷ்டம். மருத்துவச் சான்றிதழையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் பழைய தேதிக்குக் கேட்டால் டாக்டர் தர மாட்டார், தரவும் கூடாது.

சி.பி.எஸ்.இ. 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை வேண்டும். நோயால் குறைந்தால் விலக்கு கேட்கலாம், ஆனால் காகிதம் இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியில் இருந்து நீக்க முடியாது. அதனால் சின்னப் பிள்ளைகளைப் பயந்துபோய்க் காய்ச்சலோடு அனுப்பாதீர்கள்.

அப்புறம், திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தால், ஏன் வருகிறது என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். இன்ஹேலர் எடுக்கிற பிள்ளை என்றால் அதை டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.