எட்டு கணினி, இரண்டு பிரிண்டர்: சிறு அலுவலகத்துக்கு நெட்வொர்க் அமைப்பது எப்படி?

சிறு அலுவலகத்துக்கு ஒரு ரூட்டர் (இணையத்தை உள்ளே கொண்டுவரும் பெட்டி), ஒரு ஸ்விட்ச் (கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), நல்ல கேபிள், ஒரு வைஃபை கருவி போதும். ரூட்டர் அமைப்பைத் தவறாகச் செய்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். சுவருக்குள் போன கேபிளில் தவறு என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் கேபிளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

1. கணக்குப் போடுங்கள்

அறையின் படத்தைத் தாளில் வரைந்து, மேஜை, பிரிண்டர், வைஃபை இடங்களைக் குறியுங்கள். 8 கணினி, 2 பிரிண்டர், 1 வைஃபை கருவி என்றால் 11 கேபிள். ரூட்டரிலிருந்து வருவதைச் சேர்த்தால் ஸ்விட்ச்சில் 12 போர்ட் (கேபிள் செருகும் துளை) நிரம்பும். ஆகவே 16 போர்ட் உள்ள கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வேகம்) ஸ்விட்ச் வாங்குங்கள்.

கேபிளில் கேட்6 (Cat6) என்ற ரகம் போதும். சராசரி 20 மீட்டர் வீதம் 220 மீட்டர் வரும். ஒரு பெட்டியில் 305 மீட்டர் இருக்கும். அது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட மலிவு ரகமும் கடையில் கிடைக்கும். கத்தியால் கம்பியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அது வளைத்தால் எளிதில் முறியும். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கருவிகளை மாட்டினால் சூடாகும்.

2. கேபிள் இழுங்கள்

ஸ்விட்ச்சிலிருந்து கருவி வரை மொத்தம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள். இந்த கேபிளின் உள்ளே ஒற்றைக் கம்பிகள்தான். அடிக்கடி அசைந்தால் ஒடியும். மேஜைப் பக்கம் சுவரில் ஒரு சாக்கெட் (ஐஓ பாக்ஸ் என்பார்கள்) பொருத்தி, அங்கிருந்து கணினிக்கு ரெடிமேட் பேட்ச் கார்டு (இரு முனையும் அடித்தே வரும் சிறு கேபிள்) கொடுங்கள். இழுக்கும்போதே இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டிவிடுங்கள்.

3. முனை அடியுங்கள்

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மேல்தோலை 3 செ.மீ. உரித்து, நான்கு ஜோடியையும் பிரித்து, விரலால் நீவி நேராக்குங்கள். ஆர்ஜே45 தலையின் (கேபிள் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்) கொக்கி கீழே, தங்கநிற முனைகள் மேலே, கேபிள் நுழையும் வாய் உங்களைப் பார்த்தபடி பிடித்தால் இடமிருந்து வலமாக வர வேண்டிய வரிசை:

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

இதற்கு டி568பி என்று பெயர். சாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நிறங்களிலும் ‘பி’ வரிசையையே பின்பற்றுங்கள். கம்பிகளை 13 மி.மீ. அளவுக்கு நேராக வெட்டி, எட்டு நுனியும் தலையின் முன்சுவரில் முட்டும்வரை தள்ளுங்கள். மேல்தோலும் தலைக்குள் போயிருக்க வேண்டும்; இல்லையென்றால் இழுபடும் பாரம் முழுதும் கம்பிகளின் மேல் விழும். பிறகு கிரிம்ப் செய்யலாம் (அதற்கான இடுக்கியால் அழுத்திப் பொருத்துவது).

பச்சைக் கம்பி ஏன் இரண்டு நீலத்தைத் தாண்டி ஆறாவது இடத்துக்குப் போகிறது? 3, 6 இரண்டும் சேர்ந்து ஒரே சிக்னலைச் சுமக்கும் ஜோடி. முறுக்கிய ஜோடியாக இருந்தால்தான் இரைச்சல் அடங்கும். ‘அழகாக இருக்கட்டும்’ என்று பச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு முனையிலும் அப்படியே அடித்தால் மலிவு லேன் டெஸ்டரில் (கேபிளைச் சோதிக்கும் கருவி) எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் வேகம் வராது, இணைப்பு விட்டுவிட்டுப் போகும். டெஸ்டரை மட்டும் நம்பாமல் நிற வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

4. மாட்டுங்கள்

இணைய நிறுவனத்தின் பெட்டியிலிருந்து ரூட்டரின் வான் (WAN, வெளி இணைய) போர்ட்டுக்கு ஒன்று, ரூட்டரின் லேன் (LAN, உள் நெட்வொர்க்) போர்ட்டிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஒன்று. மற்ற எல்லாம் ஸ்விட்ச்சில். இணைய நிறுவனத்தின் பெட்டி, ரூட்டர், ஸ்விட்ச் மூன்றையும் ஒரு சிறு யூபிஎஸ்ஸில் வையுங்கள்.

5. முகவரி கொடுங்கள்

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி (ஐபி) உண்டு. ரூட்டரின் முகவரியை 192.168.40.1 என்று மாற்றுங்கள், அதன்கூடக் கேட்கும் மாஸ்க் 255.255.255.0. பல வீட்டு ரூட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில்தான் வருகின்றன. அலுவலகமும் அதே வரிசையில் இருந்தால், நாளை யாராவது வீட்டிலிருந்து விபிஎன்னில் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) நுழையும்போது இரண்டும் மோதும். டிஹெச்சிபி (ரூட்டர் தானாக முகவரி வழங்கும் வசதி) எல்லையை, கடைசி எண் 100 முதல் 200 வரை என வையுங்கள். பிரிண்டர்களுக்கு அவற்றின் மெனுவிலேயே 192.168.40.20, 21 என்று நிலையாகக் கொடுங்கள். முகவரி மாறிக்கொண்டே இருந்தால் ஒருநாள் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும்.

6. வைஃபை

பாதுகாப்பு டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3), டபிள்யூபிஎஸ் (WPS, பொத்தானை அழுத்தியோ பின் எண் கொடுத்தோ இணைவது) வேண்டாம். வருவோர் போவோருக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க். ரூட்டரின் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

பழைய ரூட்டரை வைஃபைக்குப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் நெட்வொர்க்கில் மாட்டும் முன்பே அதன் டிஹெச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.40.2 ஆக்கி, லேன் போர்ட்டில் மாட்டுங்கள். மறந்தால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி வழங்கும். சில கணினிக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, எது எப்போது என்று சொல்ல முடியாது.

7. சோதியுங்கள்

விண்டோஸ் கணினியின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளை கொடுங்கள், கணினியின் முகவரி தெரியும். 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை, கேபிளைப் பாருங்கள். கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி) 192.168.40.1 அல்லாமல் வேறு எண்ணா? மேலே சொன்ன இரண்டாவது ரூட்டர் வேலையைக் காட்டுகிறது. அடுத்து ரூட்டரை பிங் (ping, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள், பிறகு இணையத்தில் உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8. இரண்டும் பதில் தந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் முதலில் டிஎன்எஸ்ஸைச் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) சந்தேகியுங்கள்.

இணைப்பு வேகம் 1000க்குப் பதில் 100 என்று காட்டினால், பெரும்பாலும் நீல அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி தொடவில்லை. 100க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள்.

எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று மொத்த அலுவலகமும் முடங்கி, ஸ்விட்ச்சின் விளக்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் துடித்தால், தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் இரு முனையையும் யாரோ ஸ்விட்ச்சிலேயே செருகியிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ, அந்தக் கேபிளின் எண்ணைப் பாருங்கள்.