இன்ஜினியரிங்கா, ஃபைனான்ஸா? நான்கு வார இறுதிகளில் நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

கணக்கு நன்றாக வரும் மாணவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் அதிகம். இரண்டு பக்கமும் கதவு திறந்திருப்பதுபோல் தெரியும். சம்பளத்தை வைத்து முடிவெடுக்கலாமே என்றால் அதுவும் கைகொடுக்காது. ஃபைனான்ஸ் என்ற ஒரே பெயருக்குள் முதலீட்டு வங்கியில் இருப்பவரும் வருகிறார், சிறு நிறுவனத்தில் பில்களைச் சரிபார்ப்பவரும் வருகிறார். இன்ஜினியரிங்கிலும் இதே கதைதான். சராசரிச் சம்பளம் என்று ஒரு எண்ணைப் பார்த்து வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. நீங்கள் போட்ட கணக்கு சரியா தப்பா என்று உங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? இன்ஜினியரிங்கில் பெரும்பாலும் பொருள்தான் சொல்லும்: பாலம் நிற்கும் அல்லது வளையும், மோட்டார் சுற்றும் அல்லது சூடாகிப் புகையும். ஃபைனான்ஸில் மனிதர்கள் சொல்வார்கள்: கடன் வாங்கியவர், பங்கை விற்பவர், பயந்து பணத்தை எடுப்பவர். இந்த இரண்டு வகைப் பதில்களில் எதோடு காலம் தள்ள உங்களுக்குப் பிடிக்கும் என்பதை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். செய்து பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கான வழிதான் இது.

தேவையானவை: ஒரு நோட்டு, சற்று வளையக்கூடிய 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல், கொஞ்சம் நாணயங்கள், செல்லோடேப், ஸ்ப்ரெட்ஷீட் உள்ள ஒரு கணினி, நான்கு வார இறுதிகள்.

படி 1: பெயரை உடைத்து வேலைகளாக எழுதுங்கள்

"இன்ஜினியரிங்", "ஃபைனான்ஸ்" என்று ஒரு வேலை எங்கும் கிடையாது. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, அவற்றின் கீழ் உண்மையான வேலைகளை எழுதுங்கள். ஒரு பக்கம்: கட்டட வடிவமைப்பு, மின் கட்டமைப்பு, தொழிற்சாலையில் உற்பத்தி, சிப் வடிவமைப்பு, மென்பொருள், நீர் சுத்திகரிப்பு, தரச் சோதனை. மறுபக்கம்: ஆடிட், வரி, நிறுவனத்தின் நிதித் திட்டமிடல், கடன் மதிப்பீடு, பங்கு ஆய்வு, ஃபண்ட் நிர்வாகம், காப்பீட்டுக் கணிப்பு, இடர் மேலாண்மை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வேலையில் இருப்பவர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஒரு வரி எழுதப் பாருங்கள். எழுத வராதவற்றைச் சுழித்து வையுங்கள். பிடித்திருக்கிறது என்று நீங்கள் நினைத்த வேலையே சுழிக்குள் வந்தால், இதுவரை உங்களுக்குப் பிடித்திருந்தது அதன் பெயர் மட்டும்தான். பரவாயில்லை, 5ஆம் படியில் அதைச் சரிசெய்யலாம்.

படி 2: ஸ்கேல் சோதனை (முதல் வார இறுதி)

ஸ்கேலை மேசை ஓரத்தில் தட்டையாக வைத்து, 10 செ.மீ. மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி மறுமுனையைக் கனமான புத்தகங்களால் அழுத்துங்கள். வெளி நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இப்போது நுனியில் நாணயங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். நுனி சுமார் 2 மி.மீ. தாழும்வரை சேர்த்துக்கொண்டே போனால் போதும்.

அடுத்து அதே நாணயங்களோடு ஸ்கேலை 20 செ.மீ. நீட்டுங்கள். அளப்பதற்கு முன் ஊகித்து எழுதுங்கள்: நீளம் இரண்டு மடங்கானால் எவ்வளவு தாழும்? பலரும் 4 மி.மீ. என்பார்கள். ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனையில் பாரம் தொங்கும் தண்டில், தாழ்வு நீளத்தின் முப்படிக்கு ஏற்ப வளரும். ஆகவே எட்டு மடங்கு, கிட்டத்தட்ட 16 மி.மீ. வர வேண்டும். (நாணயம் இல்லாத நிலையிலிருந்து அளக்க வேண்டும். 20 செ.மீ. நீளத்தில் ஸ்கேல் தன் எடையாலேயே கொஞ்சம் தாழும் என்பதால் வெறும் ஸ்கேலின் உயரத்தை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள்.)

இனி ஸ்கேலை அதன் நீளமான விளிம்பில் நிற்கவைத்து, இரு புத்தகங்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து அதே பாரத்தை வையுங்கள். அசைவே தெரியாது. 30 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள ஸ்கேல் என்றால், நிற்கவைத்தபோது அதன் விறைப்பு 225 மடங்கு. 30-ஐ 2-ஆல் வகுத்து, வருவதை வர்க்கமாக்கினால் இந்த எண் கிடைக்கும். கட்டடங்களில் உத்திரங்களை அகலத்தைவிட உயரம் அதிகமாக அமைப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் சோதனையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. உங்களுக்கு அநேகமாக 16 வராது. 13 வரலாம், 19 வரலாம். புத்தகம் சரியாக அழுத்தவில்லையா? நாணயங்களின் மையம் நுனியில் இல்லையா? அளந்த கோணம் தப்பா? இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். இன்னொரு முறை அளந்து பார்க்கக் கை பரபரத்தால் ஒரு குறி. "சரி, சுமாராக வந்துவிட்டதே" என்று எழுந்துவிட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு பொறியாளரின் வேலை நேரத்தில் பெரும்பகுதி, 16 வர வேண்டிய இடத்தில் 13 வந்தது ஏன் என்று தேடுவதில்தான் போகும். இந்தத் தேடல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1999-இல் செவ்வாய்க் கிரகத்தை அடையும் தறுவாயில் இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலமே சாட்சி. ஒரு மென்பொருள் உந்துதலை பவுண்டு அலகில் கணக்கிட்டுக் கொடுத்தது, மற்றது அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது.

படி 3: கடன் அட்டவணையும் ஆண்டறிக்கையும் (இரண்டாவது, மூன்றாவது வார இறுதி)

முதலில் சின்ன வேலை. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்: தொடக்க இருப்பு, வட்டி, தவணை, அசலில் கழிவது, மீதி. கடன் 1,00,000. ஆண்டு வட்டி 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம். 12 மாதத்தில் சமமான தவணைகளில் அடைக்க வேண்டும்.

மாதத் தவணை சுமார் 8,885 வரும். முதல் மாதம் அதில் 1,000 வட்டி, மீதி அசலில் கழியும். ஆண்டு முடிவில் கட்டிய மொத்த வட்டி சுமார் 6,619. பன்னிரண்டு சதவீதம் என்றார்களே, 12,000 எங்கே போனது? மாதாமாதம் அசல் குறைவதால் வட்டியும் குறைகிறது. இதைப் பத்திகளில் கண்ணால் பார்க்கும்போதுதான் மனதில் பதியும்.

இப்போது காலத்தை 240 மாதமாக மாற்றுங்கள். தவணை சுமார் 1,101-க்கு இறங்கிவிடும். பார்க்க இதமாக இருக்கும். ஆனால் முதல் தவணையில் அசலுக்குப் போவது வெறும் 101. இருபது ஆண்டில் கட்டும் வட்டி ஏறக்குறைய 1,64,000, வாங்கிய கடனைவிட அதிகம். வட்டி விகிதத்தை 11 ஆக்கிப் பாருங்கள், நடுவில் ஒருமுறை கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். விளையாடிக்கொண்டே நேரம் போனது தெரியவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெரிய வேலை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பொருளை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் நல்லது. வங்கி, காப்பீட்டு நிறுவனம் வேண்டாம், அவற்றின் கணக்கு முறை தொடக்கத்தில் தலைசுற்ற வைக்கும். அதன் ஆண்டறிக்கையை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். முன்பக்கத்துப் படங்களையும் தலைவர் உரையையும் தாண்டிச் சென்று மூன்று அறிக்கைகளைத் தேடுங்கள்: லாப நட்டக் கணக்கு, சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட், பணப்புழக்க அறிக்கை.

மூன்று ஆண்டுகளுக்கு இரண்டே எண்களை எடுத்து எழுதுங்கள். ஒன்று நிகர லாபம், இன்னொன்று செயல்பாடுகளிலிருந்து வந்த பணம். இரண்டும் ஒன்றாக இருக்காது. ஏன்? இயந்திரங்களின் தேய்மானம் லாபத்தைக் குறைக்கும், ஆனால் அந்த ஆண்டு பணம் எதுவும் வெளியே போயிருக்காது. கடனுக்கு விற்ற சரக்கு லாபமாகப் பதிவாகிவிடும், பணமோ இன்னும் வந்திருக்காது. லாபம் ஏறிக்கொண்டே போய், பணம் மட்டும் இறங்கினால் அங்கே ஏதோ கதை இருக்கிறது. வர வேண்டிய பாக்கி கூடியிருக்கிறதா, கிடங்கில் சரக்கு தேங்கியிருக்கிறதா என்று பின்னால் உள்ள குறிப்புகளில் துழாவி, கண்டுபிடித்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

இந்தக் குறிப்புகள் உலர்ந்த மொழியில், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக இருக்கும். இதில் துப்பறியும் சுவை தட்டுப்பட்டால் ஃபைனான்ஸ் உங்களுக்குப் பிடிக்க நிறைய வாய்ப்பு உண்டு. பங்கு விலை ஏறி இறங்குவதை மொபைலில் பார்க்கப் பிடிக்கும், ஆனால் குறிப்புகளைப் படிக்கத் தூக்கம் வருகிறது என்றால், உங்களுக்குப் பிடித்தது சந்தையின் பரபரப்பு. இந்தத் துறையின் பெரும்பாலான வேலைகளில் அந்தப் பரபரப்பு இருக்காது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சூத்திரம் சரியாக இருந்தால் முடிவும் சரியாக வரும் என்ற நம்பிக்கை ஃபைனான்ஸில் ஆபத்தானது. லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற ஃபண்டில், 1997-இல் பொருளியல் நோபல் பரிசு வாங்கிய மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்குதாரர்களாக இருந்தார்கள். அடுத்த ஆண்டே, ரஷ்யா கடனைத் திருப்பித் தராமல் நிறுத்தியதும் முதலீட்டாளர்கள் ஒரே நேரத்தில் மிரண்டு ஒதுங்க, அந்த ஃபண்ட் சரிந்தது. ஸ்கேல் நேற்று வளைந்ததுபோல்தான் இன்றும் வளையும். மனிதர்கள் அப்படி இல்லை. இது உங்களுக்கு எரிச்சலைத் தருகிறதா, சுவாரசியமாகப் படுகிறதா என்று நோட்டில் எழுதுங்கள்.

படி 4: பாடத்திட்டத்தைப் புரட்டுங்கள்

ஏதாவது இரண்டு பல்கலைக்கழகங்களின் முதல் இரண்டு ஆண்டுப் பாடப்பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இன்ஜினியரிங்கில் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், இயற்பியல், வேதியியல், ஆய்வகம், நிரலாக்கம், நிலையியல் அல்லது மின்சுற்று என்று வரும். ஃபைனான்ஸில் கணக்குப்பதிவியல், நுண்பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், நிறுவன நிதி. கடைசி ஆண்டுப் பாடங்கள் எப்போதுமே கவர்ச்சியாக இருக்கும். அவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம், முதல் இரண்டு ஆண்டைத் தாண்டினால்தான் அங்கே போக முடியும்.

படி 5: வேலையில் இருப்பவர்களிடம் கேளுங்கள் (நான்காவது வார இறுதி)

ஒவ்வொரு துறையிலும் இரண்டு பேர் போதும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரைவிட, வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டு ஆனவர் உங்களுக்குப் பயன்படுவார், ஏனென்றால் நீங்கள் முதலில் போய் உட்காரப்போவது அவருடைய நாற்காலியில்தான். "இந்தத் துறை எப்படி?" என்று கேட்காதீர்கள், "நல்லாதான் இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள்? போன மாதம் எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது? உங்கள் வேலையைச் சரிபார்ப்பது யார்? உங்களோடு சேர்ந்தவர்களில் விட்டுப்போனவர் ஏன் போனார்? கடைசிக் கேள்வியில்தான் உண்மை வெளிவரும். படி 1-இல் சுழித்த வேலைகளைப் பற்றி மறக்காமல் கேளுங்கள்.

படி 6: எந்தக் கதவு பிறகும் திறந்திருக்கும் என்று பாருங்கள்

இரண்டும் சமமாக இழுக்கிறது என்றால் இந்தப் படிதான் தீர்மானிக்கும். இன்ஜினியரிங் படித்தவர் பிறகு ஃபைனான்ஸுக்குப் போவது வழக்கமான பாதை. முதலீட்டு ஆய்வுக்கான சிஎஃப்ஏ தேர்வு மூன்று நிலைகள் கொண்டது, அதை எழுத நிதிப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. கணக்காளர்களுக்கான தகுதியான ஏசிசிஏ-வில் 13 தாள்கள், கூடவே மூன்று ஆண்டு நடைமுறை அனுபவம். முன்பு படித்ததற்கு ஏற்பச் சில தாள்களுக்கு விலக்கும் கிடைக்கும். இரண்டையும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

எதிர்த்திசை கடினம். பல நாடுகளில் வரைபடங்களில் கையெழுத்திட உரிமம் பெற்ற பொறியாளராக இருக்க வேண்டும், அதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டமே அடிப்படை. 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம், உறுப்பு நாடுகளின் அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ள வழிசெய்கிறது. வேறு நாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், சேரப்போகும் படிப்பு இதன்கீழ் வருகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மென்பொருள் மட்டும் இதில் விதிவிலக்கு, பட்டம் இல்லாமலும் அங்கே நுழைந்தவர்கள் ஏராளம்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஜினியரிங்கையே எடுத்துவிடலாமே" என்று தோன்றும். ஸ்கேல் சோதனை உங்களுக்குச் சலிப்பூட்டியிருந்தால் வேண்டாம். பிடிக்காத ஆய்வகங்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து குறைந்த மதிப்பெண் வாங்கினால், ஃபைனான்ஸுக்குத் திரும்பும்போது அந்த மதிப்பெண்ணும் கூடவே வரும்.

இரண்டும் உண்மையாகவே பிடித்திருந்தவர்களுக்கு நடுவில் நிலம் இருக்கிறது. அணை, மின் நிலையம் போன்றவற்றுக்கான திட்ட நிதி, இயந்திரங்களின் இடர் மதிப்பிடும் காப்பீடு, சந்தைக்கான கணித மாதிரிகள். ஆப்ஷன் எனப்படும் சந்தை ஒப்பந்தங்களுக்கு விலை கணிக்க 1973-இல் வெளியான பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டை மாறிகளை மாற்றி எழுதினால், வெப்பம் உலோகத்தில் பரவுவதைச் சொல்லும் சமன்பாடாகிவிடும். இந்த வேலைகளுக்கு வலுவான கணிதமும் நிரலாக்கமும் வேண்டும் என்பதால், இன்ஜினியரிங்கை எடுத்துக் கூடவே கணக்குப்பதிவியல் படிப்பது என் பரிந்துரை.

படி 7: தேதி போட்டு முடிவெடுங்கள்

விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாக ஒரு தேதியை நோட்டில் எழுதி, அன்று முடிவெடுங்கள். அதன் கீழே இன்னொரு வரி: முதல் ஆண்டு முடிவில் என்ன நடந்திருந்தால் மாறுவேன்? "கஷ்டமாக இருந்தால்" என்று எழுதாதீர்கள், முதல் ஆண்டு எல்லோருக்கும் கஷ்டம்தான். "இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு சோதனையைக்கூட நானாகத் திரும்பச் செய்து பார்க்கவில்லை என்றால்" என்பதுபோல், ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். சேரும் கல்லூரியில் துறை மாற எந்தப் பருவம் வரை அனுமதிக்கிறார்கள் என்று சேர்க்கைப் பிரிவில் கேட்டு, அந்தத் தேதியையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.